லண்டனில் முதல் நாள்: இருவராகப் போகிறவர்கள் எதில் தொடங்கலாம்?

டிக்கெட் போட்டாயிற்று, விசா வந்தாயிற்று, தங்குமிடமும் முடிவாயிற்று. அதன்பிறகு கணவன் மனைவிக்குள் வரும் முதல் கருத்து வேறுபாடு பெரும்பாலும் முதல் நாளைப் பற்றியதாகவே இருக்கும். ஒருவருக்கு இறங்கியதும் டவர் பிரிட்ஜைப் பார்த்தாக வேண்டும். மற்றவருக்கு அன்றைக்கு அறைக்குப் பக்கத்திலேயே சுற்றிவிட்டு மறுநாள் கிளம்பினால் போதும். தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு யோசனை: மேல்தளம் திறந்த சுற்றுலா பஸ், தேம்ஸில் படகு, பிரிட்டிஷ் மியூசியம், லண்டன் ஐ என்ற ராட்சத ராட்டினம், வழிகாட்டியோடு ஒரு நடை, தென்கரை ஓரமாக நாமே நடப்பது. இவற்றில் எதுவும் மோசமில்லை. ஒரு வாரம் இருப்பவர்கள் எல்லாவற்றையும் செய்துவிடலாம். ஆனால் எதை முதலில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற நாட்கள் அமையும். முதல் நாளே கால் வீங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்கு வந்த ஜோடிக்கு இரண்டாம் நாளில் பாதி பகல் போய்விடும்.

தேர்வுசெய்ய நான் ஒரே ஒரு அளவுகோலைத்தான் முன்னால் வைப்பேன். எந்த நேரத்திலும் பாதியில் விட்டுவிட்டு அறைக்குத் திரும்ப முடிய வேண்டும். அப்படித் திரும்பினால் பணம் வீணாயிற்றே என்று இருவரில் யாருக்கும் தோன்றக் கூடாது. தனியாகப் போகிறவருக்கு இது அவ்வளவு பெரிய விஷயமில்லை. களைத்தால் நின்றுவிடுவார், யாரையும் கேட்க வேண்டாம். இருவர் போகும்போது ஒருவர் முன்னதாகக் களைத்துப்போவார். கையில் விலையுயர்ந்த டிக்கெட் இருந்தால், களைத்தவர் அதைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். அல்லது சொல்லிவிட்டு, இவரால்தான் எல்லாம் கெட்டது என்று மற்றவர் நினைப்பாரோ என வருந்திக்கொண்டே திரும்புவார். டிக்கெட் இல்லாத இடத்தில் "போதும், போகலாமா?" என்று கேட்பதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை.

உடம்பின் கடிகாரம்

எதைப் பார்ப்பது என்பதற்கு முன்னால் எந்த நேரத்தில் பார்ப்பது என்பதைப் பேசிவிட வேண்டும். லண்டன் நேரம் குளிர்காலத்தில் இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி பின்னால் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி. மேற்கு நோக்கிப் போவதால் ஊரில் விழிக்கும் நேரத்துக்கே உடம்பு விழித்துக்கொள்ளும். லண்டனில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றோ இரண்டோ ஆகியிருக்கும். புரண்டு படுத்தாலும் நான்கு மணிக்கு மேல் தூக்கம் நிற்காது. மாலை ஏழு மணிக்கு உடம்புக்கு நள்ளிரவு ஆகிவிடும்.

ஆகவே முதல் நாளின் நல்ல நேரம் காலை எட்டு மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரைதான். மாலை ஏழரைக்கு இசை நாடகத்துக்கு டிக்கெட் எடுப்பதும், சூரியன் மறையும் நேரத்துக்கு லண்டன் ஐ முன்பதிவு செய்வதும் ஊரில் உட்கார்ந்து திட்டமிடும்போது மிக அழகாகத் தெரியும். முதல் நாளில் அவற்றை வைக்கவே வைக்காதீர்கள். இருட்டான அரங்கில் இருவரும் தூங்கிவிடுவீர்கள்.

இன்னொன்றும் உண்டு. நான் முதல் நாள் என்பது இரவு தூங்கி எழுந்த பிறகான முதல் முழு நாளை. விமானம் இறங்கிய நாளுக்கு வேறு கணக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மேல்தளம் திறந்த சுற்றுலா பஸ்

பலரும் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு டிக்கெட் எடுத்தால் நாள் முழுக்க எங்கு வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். உட்கார்ந்தபடி ஊரைப் பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு, குழந்தையோடு வருபவர்களுக்கு இதில் உண்மையான நிம்மதி உண்டு.

ஆனால் மத்திய லண்டனின் போக்குவரத்து நெரிசலில் இந்த பஸ் ஊர்ந்துதான் போகும். ஒரு நிறுத்தத்தில் இறங்கி, பார்த்துவிட்டு வந்து நின்றால் அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருக்க நேரும். கோடையில் அதில் மேல்தளத்து இடமும் கிடைக்காமல் போகலாம். ஏறி இறங்கும் வசதிக்காகக் கொடுத்த பணம், இறங்கினால் மறுபடி காத்திருக்க வேண்டுமே என்ற தயக்கத்தால் உபயோகப்படாமலே போகும். குளிர்காலத்திலும் மழையிலும் மேல்தளத்துக் காற்று தாங்காது. எல்லாவற்றையும்விட, என் அளவுகோலில் இது தவறிவிடுகிறது: ஒரு நாள் டிக்கெட்டை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கைவிட யாருக்கும் மனம் வராது.

உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால் சாதாரண சிவப்பு இரட்டைமாடி பஸ் இருக்கிறது. 15ஆம் எண் பஸ் ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஸ்ட்ராண்ட், ஃப்ளீட் ஸ்ட்ரீட் வழியாக செயின்ட் பால்ஸ் பேராலயத்தைக் கடந்து டவர் ஆஃப் லண்டன் வரை கொண்டுபோகும். 9ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் கென்சிங்டன், ஹைட் பார்க் ஓரம், பிக்கடில்லி என்று மேற்குப் பக்கம் முழுவதையும் பார்த்துவிடலாம். மாடியில் முன்வரிசை இருக்கை கிடைத்துவிட்டால் கண்ணாடிக்கு முன்னால் தெரு முழுக்க உங்களுடையது. முதல் பஸ்ஸில் கார்டைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரே கட்டணம்தான். இருவர் போய்வர ஆகும் செலவு சுற்றுலா பஸ்ஸின் ஒரு டிக்கெட்டில் சிறு பகுதிதான். ஒலிபெருக்கியில் விளக்கம் மட்டும் கிடைக்காது. லண்டன்வாசிகளோடு உட்கார்ந்து போகும் அனுபவம் அந்தக் குறையை எனக்கு ஈடுசெய்துவிடும்.

டிக்கெட் எடுத்து உள்ளே போகும் இடங்கள்

லண்டன் ஐ 135 மீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். மேலிருந்து பார்ப்பது அழகுதான். ஆனால் ஊரின் எந்த மூலையையும் இன்னும் கால்வைத்துப் பார்க்காத நிலையில், மேலிருந்து தெரியும் கூரைகளுக்கு நம் மனதில் பெயர் இருக்காது. இரண்டு மூன்று நாள் சுற்றிய பிறகு ஏறினால், "அதோ நாம் சாப்பிட்ட தெரு" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளலாம். அதே காரணத்துக்காக ஸ்கை கார்டனையும் பின்னால் தள்ளலாம். ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் 20ஆம் எண் கட்டடத்தின் உச்சியிலுள்ள அந்த இடத்துக்குக் கட்டணம் கிடையாது, முன்பதிவு மட்டும் வேண்டும். பயணத்தின் நடுவில் ஒரு நாளுக்குப் பதிவு செய்துவைப்பது உத்தமம்.

டவர் ஆஃப் லண்டனை முதல் நாளுக்கு வைக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். முதலாம் வில்லியம் 1070களில் கட்டத் தொடங்கிய வெள்ளைக் கோபுரம், உள்ளே அரச நகைகள், அவற்றில் 1849இல் சிறுவனாக இருந்த பஞ்சாப் மன்னர் துலீப் சிங்கிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு வந்த கோஹினூர் வைரம். இந்தியாவிலிருந்து போகும் எவருக்கும் அந்தக் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நிற்கையில் ஏதோ ஒன்று நெஞ்சில் உறுத்தும். அதற்காகவே சொல்கிறேன், அரைத் தூக்கத்தில் அதைப் பார்க்காதீர்கள். மூன்று மணி நேரம் வேண்டும், படிக்கட்டுகள் ஏராளம், கட்டணமும் கணிசம். கதவு திறக்கும் நேரத்துக்கே போய் முதலில் நகைக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் வரிசை குறைவு. அப்படிப்பட்ட தெளிவான காலை வேளை இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோதான் வாய்க்கும்.

பக்கிங்ஹாம் அரண்மனையில் காவலர் மாறும் நிகழ்ச்சிக்கு டிக்கெட் இல்லை. பொதுவாகத் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறுகளில் காலை பதினொரு மணிக்கு நடக்கும். மழை என்றால் ரத்தாகலாம். கம்பிவேலி ஓரத்தில் நல்ல இடம் வேண்டுமானால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நிற்க வேண்டும். விழிப்பாக இருக்கும் அருமையான காலையில் ஒரு மணி நேரத்தைக் கூட்டத்தில் நின்று செலவழிப்பது முதல் நாளுக்கு ஏற்றதல்ல.

மியூசியங்கள்

இங்கேதான் என் மனம் சற்றுத் தடுமாறுகிறது. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம், டேட் மாடர்ன் எல்லாவற்றுக்கும் பொது நுழைவு இலவசம். இருபது நிமிடத்தில் வெளியே வந்தாலும் நஷ்டமில்லை. பாதியில் விட்டுவிடலாம் என்ற அளவுகோலில் இவை முழு மதிப்பெண் வாங்குகின்றன. மழை பெய்தால் கூரையும் உண்டு, கழிப்பறையும் உண்டு, உட்கார பெஞ்சும் உண்டு.

தமிழ் வாசகர்களுக்கு பிரிட்டிஷ் மியூசியத்தின் மேல் ஒரு தனி உரிமையும் இருக்கிறது. 1840களில் வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அமராவதியில் தோண்டியெடுத்த புத்த ஸ்தூபிச் சிற்பங்கள் முதலில் சென்னைக்குத்தான் வந்தன. பிறகு ஒரு பகுதி கப்பலேறி லண்டன் போயிற்று. மிச்சம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழும்பூரில் பார்த்தவர்கள் அந்தச் சுண்ணாம்புக்கல் பலகைகளை இங்கே கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும்போது, பிரிந்துபோன உறவினரைப் பார்ப்பதுபோல் இருக்கும். அங்கிருந்து சில நிமிட நடையில் லண்டன் பல்கலைக்கழகத்தின் ஸோவாஸ் வளாகம். அதன் தோட்டத்தில் 1996இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை உண்டு. இந்த இரண்டையும் ஒரே காலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

ஆனாலும் முதல் நாளில் மியூசியத்தை முதன்மையாக வைக்க மாட்டேன். நேர மாற்றத்தில் தடுமாறும் உடம்பு விழித்திருக்கப் பகல் வெளிச்சம் வேண்டும். புது நேரத்துக்குப் பழகவும் அதுதான் முக்கியமான உதவி. மங்கலான கூடங்களில் மெல்ல மெல்ல நின்று நின்று நகர்வது, தெருவில் நடப்பதைவிடச் சீக்கிரமாகக் காலையும் முதுகையும் வாட்டும். இன்னொரு சிக்கல் இருவருக்கும் இடையிலானது. ஒருவர் ஒவ்வொரு குறிப்பட்டையையும் படிப்பார், மற்றவர் அடுத்த கூடத்தின் வாசலில் காத்திருப்பார். பழக்கமான ஊரில் இதற்குப் பிரிந்து போய்ப் பின்னர் சேர்ந்துகொள்ளலாம். புது ஊரில், புது சிம் கார்டு வேலை செய்யுமா என்று தெரியாத நாளில் பிரிய மனம் வராது. வெள்ளிக்கிழமைகளில் பிரிட்டிஷ் மியூசியம் இரவு எட்டரை வரையிலும், நேஷனல் கேலரி ஒன்பது வரையிலும் திறந்திருக்கும். நேரம் பழகிய பிறகு வரும் வெள்ளிக்கிழமை மாலையை இவற்றுக்கு ஒதுக்குவது நல்லது.

வழிகாட்டியோடு நடை

நல்ல வழிகாட்டி அமைந்துவிட்டால் இதற்கு இணையே இல்லை. முடிவில் விரும்பியதைக் கொடுக்கலாம் என்ற முறையில் நடப்பவையும் உண்டு, முன்கூட்டியே பணம் கட்டுபவையும் உண்டு. இரண்டு, இரண்டரை மணி நேரம் கூட்டத்தோடு கூட்டமாக நடக்க வேண்டும்; நடுவில் உட்காரவோ கழிப்பறைக்குப் போகவோ கூச்சப்படுவோம். லண்டன் ஆங்கிலத்தின் வேகத்துக்குக் காது பழக ஒருநாளாவது ஆகும். இருவரில் ஒருவருக்கு ஆங்கிலம் சரளமில்லை என்றால் மற்றவர் மொழிபெயர்த்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். மூன்றாம் நாளுக்கு இது பிரமாதமான தேர்வு.

தென்கரை நடை

என் தேர்வு இதுதான். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து டவர் பிரிட்ஜ் வரை தேம்ஸின் தென்கரை ஓரமாகவே நடைபாதை போகிறது. ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். இடைவிடாமல் நடந்தால் ஒரு மணி நேரம். நின்று, உட்கார்ந்து, படம் எடுத்து, காபி குடித்துப் போனால் நான்கு மணி நேரம். பெரும்பகுதி சமதரை. வண்டிகள் வராத பாதை. நதி எப்போதும் இடதுகைப் பக்கம் இருப்பதால் வழி தவறவே முடியாது, ஒருவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு, மற்றவர் "இந்தப் பக்கமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கும் நிலை வராது.

பாதியில் விடுவதற்கு இதைவிட வசதியான வழி லண்டனில் கிடையாது என்றே நினைக்கிறேன். காரணம் ஜூபிலி லைன். வெஸ்ட்மின்ஸ்டர், வாட்டர்லூ, சதக், லண்டன் பிரிட்ஜ் என்று அந்தச் சுரங்க ரயில் இந்த நடைபாதையோடு கூடவே வருகிறது. எந்த இடத்தில் கால் வலித்தாலும் சில நிமிட நடைக்குள் ஒரு ஸ்டேஷன் இருக்கும். 1999இல் திறந்த நீட்டிப்புப் பகுதியில் வருவதால் நான்கு நிலையங்களிலும் ஜூபிலி லைன் நடைமேடைக்கு லிஃப்ட் உண்டு. பழைய லண்டன் ஸ்டேஷன்கள் பலவற்றில் படிக்கட்டு மட்டுமே என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெற்றோர் வயதில் போகும் ஜோடிக்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

மேற்கிலிருந்து கிழக்காக நடப்பதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டரில் நதி வடக்கு நோக்கி ஓடுகிறது. நாடாளுமன்றத்தின் நதிமுகம் கிழக்கைப் பார்த்தது. காலை வெயில் நேராக அதன் மேல் விழும். ஒன்பது மணி வாக்கில் பாலத்தைக் கடந்து அக்கரையில் நின்று திரும்பிப் பார்த்தால் அந்தத் தேன் நிறக் கல்லும் மணிக்கூண்டும் மின்னிக்கொண்டிருக்கும். மாலையில் அதே இடத்திலிருந்து எடுத்தால் எதிர்வெயிலில் கருத்த நிழல்தான் கிடைக்கும். கிழக்கு நோக்கி நடக்க நடக்க, பிற்பகல் வெயில் முதுகுப் பக்கம் வந்து, செயின்ட் பால்ஸும் டவர் பிரிட்ஜும் வெளிச்சத்தில் கிடைக்கும்.

பாலத்தில் ஏறுவதற்கு முன் நாடாளுமன்றச் சதுக்கத்தை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். 2015இல் வைத்த காந்தி சிலை அங்கே இருக்கிறது. 1931இல் அவரைப் பக்கிரி வேடம் போடுபவர் என்று இகழ்ந்த சர்ச்சிலின் சிலையும் அதே சதுக்கத்தில். இருவரையும் பார்த்துவிட்டுப் பாலத்தில் ஏறுவது நம்மவர்களுக்குப் பொருத்தமான தொடக்கம். பாலத்தின் மேல் மட்டும் கவனம் வேண்டும்: கூட்டம் நெருக்கியடிக்கும், கிண்ணத்தைக் கவிழ்த்துப் பந்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சூதாட்டக்காரர்கள் நிற்பார்கள். நின்று பார்க்கவே பார்க்காதீர்கள்; சுற்றி ஜெயிப்பதுபோல் நடிப்பவர்களும் அவர்கள் ஆட்களே.

லண்டன் ஐ தாண்டியதும் கூட்டம் குறையும். 1951இல் திறந்த ராயல் ஃபெஸ்டிவல் ஹால் வரும். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், உட்காரலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம். அதை அடுத்து வாட்டர்லூ பாலம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போனபோது பெண் தொழிலாளர்கள் உழைத்துக் கட்டிய பாலம் அது. அதன் அடியில் பழைய புத்தகக் கடைகள் மேசைபோட்டு உட்கார்ந்திருக்கும். படிக்கட்டேறி பாலத்தின் நடுவுக்குப் போக ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நதி அங்கே வளைவதால் ஒரு பக்கம் வெஸ்ட்மின்ஸ்டர் முழுவதும், மறுபக்கம் செயின்ட் பால்ஸும் வங்கிக் கட்டடங்களும் ஒரே இடத்திலிருந்து தெரியும். பணம் கொடுத்து ஏறும் உயரங்களைவிட இந்தக் காட்சி எனக்கு மேல். கால்வைத்து நிற்கும் உயரத்திலிருந்தே நகரம் எப்படிப் பரந்திருக்கிறது என்று புரிந்துவிடும்.

இன்னும் கிழக்கே டேட் மாடர்ன். மின் நிலையமாக இருந்த கட்டடம், 2000இல் கலைக்கூடமாயிற்று. இங்கே இருவரும் அழகாகப் பிரியலாம். நவீன ஓவியம் பிடித்தவர் உள்ளே ஒரு மணி நேரம் போகட்டும். பிடிக்காதவர் வாசலுக்கு முன்னால் நதியைப் பார்த்த பெஞ்சில் உட்காரட்டும், அல்லது எதிரே இருக்கும் மில்லினியம் பிரிட்ஜில் நடந்து செயின்ட் பால்ஸ் வாசல்வரை போய்த் திரும்பட்டும். பாலமும் பேராலயமும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் தொலைந்துபோக வழியில்லை. இந்தப் பாலம் 2000 ஜூனில் திறந்த முதல் நாளே மக்கள் நடந்த நடையில் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. ஆடும் பாலத்தில் சமன்செய்ய எல்லோரும் ஒரே தாளத்தில் கால்மாற்ற, ஆட்டம் இன்னும் கூடியது. இரண்டு நாளில் மூடி, அதிர்வைத் தாங்கும் கருவிகள் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இன்று அசையாது.

அங்கே நதியைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். தேம்ஸில் கடலின் ஏற்ற இறக்கம் லண்டன்வரை வருகிறது. லண்டன் பிரிட்ஜில் நீர்மட்டம் நாளுக்கு இருமுறை 7 மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். காலையில் சுவரை முட்டிக்கொண்டிருந்த நீர் பிற்பகலில் விலகி மணல்திட்டு தெரியும். நம் ஊர் ஆறுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதுமை.

பரோ மார்க்கெட்டில் மதியம் சாப்பிடலாம், திங்கட்கிழமை மூடியிருக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு வழியெங்கும் ஏதாவது கிடைக்கும், ஆனால் இட்லி தோசை வேண்டும் என்று முதல் நாளே ஈஸ்ட் ஹாமுக்கு ரயிலேறிவிட வேண்டாம். போகவரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். தமிழ்க் கடைகளும் கோயிலுமாக அந்தப் பகுதிக்கு ஒரு மாலையைத் தனியே கொடுக்கலாம்.

1894இல் திறந்த டவர் பிரிட்ஜில் நடை முடிகிறது. கப்பல் வரும்போது பாலம் இரண்டாகப் பிளந்து மேலெழுவதைப் பார்க்க ஆசையிருந்தால், நேரப்பட்டியல் பாலத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே வந்துவிடும். ஆண்டுக்கு 800 தடவை போலத் தூக்குகிறார்கள். அன்றைய நேரத்தைப் பார்த்து நடையின் வேகத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். பார்க்கக் காசில்லை.

படகு எங்கே வருகிறது

படகை நான் தனித் தேர்வாகப் பார்ப்பதில்லை. அதைத் திரும்பும் வழியாக வைத்துக்கொள்வதே அதன் சரியான இடம். டவர் துறையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஊபர் போட் என்ற பெயரில் ஓடும் தேம்ஸ் கிளிப்பர்ஸ் படகில் ஏறினால், காலையில் நடந்து பார்த்ததை எல்லாம் உட்கார்ந்தபடி நீரிலிருந்து மறுபடி பார்க்கலாம். வேலைக்குப் போகிறவர்களும் ஏறும் படகு அது. டிக்கெட்டை முன்னதாக எடுக்க வேண்டியதில்லை, கார்டைத் தொட்டு ஏறலாம். விளக்கவுரையோடு போகும் உல்லாசப் படகுகளுக்கு விலை கூடுதல், நேரமும் கட்டுப்பாடும் உண்டு. களைப்பு மிகுந்துவிட்டால் படகையும் விட்டுவிட்டு லண்டன் பிரிட்ஜில் ரயிலேறிவிடலாம்.

காற்று அதிகமான நாளில் வெளித்தளத்தில் நிற்க முடியாது. உள்ளே கண்ணாடி ஓரம் இடம் பிடியுங்கள்.

எப்போது இந்தத் தேர்வு மாறும்

டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஆகவே குளிர்காலத்தில் ஒன்பதுக்கே நடையைத் தொடங்கி, டேட் மாடர்னோடு நிறுத்திக்கொண்டு, உள்ளே போய்ச் சூடுபிடித்துக்கொள்வது நல்லது. இருட்டிய பிறகு பாலங்களில் விளக்கு வரிசை அழகாயிருக்கும், அதற்காக மட்டும் நான்கரை மணிக்கு வெளியே வந்து பார்க்கலாம். நாள் முழுக்க மழை என்ற முன்னறிவிப்பு இருந்தால் நடையைக் கைவிட்டு 15ஆம் எண் பஸ்ஸும் நேஷனல் கேலரியும் போதும். இரண்டும் ட்ரஃபால்கர் சதுக்கத்திலேயே தொடங்குகின்றன.

ஞாயிறு என்றால் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயும் செயின்ட் பால்ஸும் வழிபாட்டுக்கு மட்டும்தான்; சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். நடைக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம் என்பது அங்குள்ள சட்டம், ஆகவே சிம் கார்டு, குடை வாங்குவதை மாலைக்குத் தள்ள வேண்டாம்.

நான்கு கிலோமீட்டர் நடக்கவே முடியாதவர்களுக்கு நடையைத் துண்டாக்கலாம். வெஸ்ட்மின்ஸ்டரில் அரை மணி நேரம், ஜூபிலி லைனில் ஏறி லண்டன் பிரிட்ஜில் இறங்கி அங்கே அரை மணி நேரம், டவர் துறையிலிருந்து படகு. அவர்களில் ஒருவரால் அடிக்கடி ஏறி இறங்கவே முடியாது என்றால் மட்டும் சுற்றுலா பஸ்ஸை நான் ஒப்புக்கொள்வேன். அப்போதும் எங்கும் இறங்காமல் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு அறைக்குப் போய்விடுவது என்ற முடிவோடு ஏறுங்கள்.

விமானம் இறங்கிய நாளுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். விடுதியில் அறை கிடைக்கப் பிற்பகல் ஆகும். பெட்டியை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சக்கரப் பெட்டியோடு பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் விடமாட்டார்கள். பெட்டியை வைத்துவிட்டு செயின்ட் ஜேம்ஸ் பார்க் மாதிரி ஒரு பூங்காவில் வெயிலில் உட்காருங்கள். அங்கே 17ஆம் நூற்றாண்டிலிருந்தே கூழைக்கடாக்கள் வளர்க்கப்படுகின்றன. இரவு எட்டு மணிவரை கண்ணை மூடாமல் இருந்துவிட்டால் மறுநாள் காலை உங்களுடையது.

கடைசியாகப் பயண அட்டை விஷயம், ஏனென்றால் இருவராகப் போகிறவர்கள் அடிக்கடி சறுக்குவது இதில்தான். லண்டன் பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதை 2014இலேயே நிறுத்திவிட்டார்கள். தொட்டாலே பணம் போகும் கான்டாக்ட்லெஸ் விசா, மாஸ்டர்கார்டு அல்லது ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டை வேண்டும். ஒரே அட்டையில் இருவர் ரயிலில் போக முடியாது; ஆளுக்கொன்று தனியாக வேண்டும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் இயக்கிவிட்டுக் கிளம்புங்கள். காலையில் அட்டையைத் தொட்டால் நாள் முழுக்க அதே அட்டையைத்தான் தொட வேண்டும். அதே கணக்கை ஃபோனில் வைத்திருந்தாலும், ரயிலில் ஏறும்போது அட்டையும் இறங்கும்போது ஃபோனும் தொட்டால் இரண்டு தனித்தனிப் பயணமாகக் கணக்கிட்டு அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். சரியாகத் தொட்டுவந்தால் பஸ்ஸுக்கும் சுரங்க ரயிலுக்கும் சேர்த்து ஒரு நாளின் உச்சவரம்பைத் தாண்டிப் பிடிக்க மாட்டார்கள். படகுக் கட்டணம் அந்த வரம்பில் சேராது, அது தனி. பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும், இறங்கும்போது தொட வேண்டியதில்லை.